பெரியவர்களை ரீஹேபில் சேர்க்கும் முன்: மதுரைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆஸ்பத்திரியில் “நாளைக்கு டிஸ்சார்ஜ்” என்று சொன்ன பிறகுதான் பெரும்பாலான வீடுகளில் இந்தப் பேச்சே ஆரம்பமாகிறது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பிரஷரும் சுகரும் கட்டுக்குள் வந்துவிட்டன, இனி அங்கே வைத்திருக்கக் காரணமில்லை. ஆனால் அப்பாவால் கட்டிலை விட்டுத் தானாக எழ முடியவில்லை. பாத்ரூம் போக இரண்டு பேர் தாங்க வேண்டும். வீடோ செல்லூரிலோ வில்லாபுரத்திலோ மாடியில் இருக்கிறது. மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான், அம்மாவுக்கே எழுபது வயது.

இந்த இடைவெளியைக் கடக்கத்தான் குறுகிய கால ரீஹேப் தங்கல். சில வாரங்கள் ஒரு மையத்தில் இருந்து, பிசியோதெரபியும் நர்ஸ் கவனிப்பும் பெற்று, நடமாட்டம் வந்ததும் வீடு திரும்புவது. மதுரையில் இப்போது இதற்கென்று இடங்கள் பெருகியிருக்கின்றன. நல்லவையும் உண்டு, கட்டில் போட்டு வாடகை வாங்குபவையும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது எப்படி, சேர்த்த பிறகு குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள்: என்னென்ன செய்ய முடிந்தால் வீட்டுக்கு அழைத்துப் போவோம் என்று முடிவு செய்யாமல் யாரையும் எங்கும் சேர்க்காதீர்கள். அந்தக் கணக்கு இல்லாமல் சேர்த்தவர்கள்தான் மூன்று வாரம் என்று போய் மூன்று வருடம் தங்கிவிடுகிறார்கள்.

1. உண்மையிலேயே இது தேவையா?

பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு, மூட்டு மாற்று ஆபரேஷன், நீண்ட நாள் ஐசியூவில் கிடந்து உடம்பு வற்றிப்போனது. இந்த நான்கில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

பக்கவாதத்தில் முன்னேற்றம் வேகமாகத் தெரிவது முதல் மூன்று மாதங்களில்தான். அதற்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு, ஆனால் மெதுவாக வரும். அதனால் “உடம்பு கொஞ்சம் தேறட்டும், அப்புறம் பிசியோ பார்க்கலாம்” என்று தள்ளிப்போடுவது பெரிய இழப்பு. புறா ரத்தம் தடவுகிறேன் என்று கிளம்பும் உறவினர்களையும் இந்த நாட்களில் வாசலோடு நிறுத்திவிடுங்கள். இடுப்பு எலும்பு முறிந்தவர்களுக்கும் இதே கதைதான். வயதானவர்களுக்கு நாட்டுக் கட்டுப் போட்டு ஆறு வாரம் படுக்க வைத்தால், எலும்பு கூடுமோ இல்லையோ, நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும். ஆபரேஷனை இரண்டு நாளுக்குள் முடித்து, முடிந்தால் மறுநாளே எழுந்து நிற்க வைப்பதுதான் இன்று எலும்பு டாக்டர்கள் கடைப்பிடிக்கும் முறை.

மூட்டு மாற்று செய்தவர் ஓரளவு நடக்கிறார், வீடு தரைத்தளத்தில், கூட ஒரு ஆள் இருக்கிறார் என்றால் ரீஹேபில் தங்க வேண்டியதில்லை. பிசியோதெரபிஸ்ட்டை வீட்டுக்கு வரச் சொன்னால் போதும். செலவும் குறைவு, பெரியவருக்கும் நிம்மதி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முற்றிய மறதி நோய், கடைசிக் கட்டப் புற்றுநோய் போன்றவற்றில் நடமாட்டத்தை மீட்பது நோக்கமாக இருக்க முடியாது. அங்கே தேவைப்படுவது வலி இல்லாத, சுத்தமான பராமரிப்பு. ரீஹேப் என்ற பெயரில் பணம் கட்டி நம்பிக்கை வாங்க வேண்டாம். டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: “ரெண்டு மாசத்துல இவர் எந்த அளவுக்குத் தேறுவார்னு எதிர்பார்க்கிறீங்க?”

2. டிஸ்சார்ஜுக்கு முன் வாங்க வேண்டியவை

பில் கட்டும் அவசரத்தில் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் கீழே சொல்வதெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டூட்டி டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

ஆபரேஷன் ஆன காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம்: முழுதாகவா, பாதியா, ஊன்றவே கூடாதா. இது தெரியாமல் எந்த பிசியோவும் வேலையை ஆரம்பிக்க முடியாது. ஆரம்பித்தால் அது ஆபத்து. தையல் பிரிக்கும் தேதி. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை அல்லது ஊசி எதுவரை. அதை யாரும் தன்னிஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது. பக்கவாதம் என்றால், விழுங்குவதைச் சோதித்துப் பார்த்தார்களா, எந்தப் பதத்தில் உணவு கொடுக்கலாம். மூக்குக் குழாய், யூரின் டியூப் இருந்தால் எந்தத் தேதியில் போட்டது, எப்போது மாற்ற வேண்டும் அல்லது எடுக்க வேண்டும். அடுத்து எந்த நாளில், எந்த ஓபிக்கு வர வேண்டும்.

மருந்துப் பட்டியலைத் தனியாகச் சரிபாருங்கள். ஆஸ்பத்திரிக்கு வருமுன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரைகளில் எது தொடர்கிறது, எது நின்றது என்று கேட்க வேண்டும். பழைய பிரஷர் மாத்திரையும் புதியதும் ஒரே மருந்தாக, வேறு வேறு கம்பெனிப் பெயரில் இருப்பது சர்வசாதாரணம். இரண்டையும் போட்டுக்கொண்டு எழுந்து நின்றால் தலைசுற்றி விழுவார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களையும் கையோடு வாங்கிவிடுங்கள்.

பெரியாஸ்பத்திரியில், அதாவது கோரிப்பாளையம் அரசு ராஜாஜி மருத்துவமனையில், சிகிச்சை பெற்றிருந்தால் டிஸ்சார்ஜுக்குப் பின்னும் அங்கேயே பிசியோதெரபிக்கு வெளிநோயாளியாக வந்து போகலாம். உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி ஆட்கள் தினம் வந்துபோவது கஷ்டம். அவர்களுக்கான வழி கடைசியில் வருகிறது.

3. இடம் தேடுவது

போர்டில் “நர்சிங் ஹோம்” என்று பார்த்தால் நம் ஊரில் அது பெரும்பாலும் சின்ன ஆஸ்பத்திரி. “மறுவாழ்வு மையம்” என்று தேடினால் பாதி குடி நிறுத்தும் இடங்களாக வரும். முதியோர் இல்லங்கள் வேறு வகை. அங்கே சாப்பாடும் துணையும் கிடைக்கும், பிசியோ இருக்காது. எனவே போனில் முதல் கேள்வியே இதுவாக இருக்கட்டும்: “ஸ்ட்ரோக் பேஷண்ட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை வேளை பிசியோ? பிசியோதெரபிஸ்ட் அங்கேயே இருப்பாரா, வெளியிலிருந்து வருவாரா?” பதில் சுற்றி வளைத்து வந்தால் அடுத்த நம்பரைப் போடுங்கள்.

உங்களுக்குச் சிகிச்சை செய்த டாக்டரிடம் கேட்பதைவிட, அந்த வார்டின் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். எந்த மையத்திலிருந்து ஆட்கள் தேறி வருகிறார்கள், எங்கிருந்து முதுகுப் புண்ணோடு வருகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

தூரத்தையும் பாருங்கள். அழகர்கோவில் ரோட்டில் மரமும் காற்றுமாக அருமையான இடம் இருக்கலாம். ஆனால் நீங்கள் திருநகரில் இருந்துகொண்டு வேலை முடிந்து தினமும் அங்கே போய் வர முடியுமா? குடும்பத்து ஆள் அடிக்கடி வந்து போகும் கட்டிலைத்தான் எந்த மையமும் கூடுதலாகக் கவனிக்கும். இது யாரும் எழுதி வைக்காத விதி. வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய சுமாரான இடம், இரண்டு பஸ் மாறிப் போகும் பிரமாதமான இடத்தைவிட மேல்.

பதிவையும் கேளுங்கள். சிகிச்சை தரும் இடங்கள் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டும். முதியோர் இல்லங்கள் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழ் வரவேற்பறைச் சுவரில் தொங்க வேண்டும். “ரினியூவலுக்குக் கொடுத்திருக்கோம்” என்றால் அந்த விண்ணப்பத்தையாவது காட்டச் சொல்லுங்கள்.

4. மத்தியானம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள்

காலை பத்து மணிக்குப் போனால் எல்லா இடமும் பினாயில் மணக்கும், டாக்டர் ரவுண்ட்ஸில் இருப்பார், ஆயாக்கள் சுறுசுறுப்பாக ஓடுவார்கள். சாப்பாடு முடிந்த மத்தியான வேளையில், சொல்லாமல் போங்கள். எத்தனை பேர் கட்டிலில் அப்படியே மல்லாந்து கிடக்கிறார்கள், எத்தனை பேர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ரீஹேப் என்று பெயர் வைத்துவிட்டு மூன்று மணிக்கு எல்லோரும் படுத்திருந்தால் அங்கே வேலை நடக்கவில்லை.

அப்புறம் விரல் நகங்களைப் பாருங்கள். நகம் வெட்டி, தாடி மழித்து, பல் செட் கழுவி வைத்திருக்கிறார்கள் என்றால் ஆயாக்களுக்கு நேரம் இருக்கிறது, அவர்களைக் கேட்கவும் ஆள் இருக்கிறது. யூரின் பேக் தரையில் உரசிக்கொண்டிருக்கிறதா? அது சிறுநீர்ப்பைக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்க வேண்டும். பேஷண்ட்டின் கைக்கு எட்டும் இடத்தில் தண்ணீரும் பெல்லும் இருக்கின்றனவா? ஒரு தடவை பெல்லை அமுக்கிவிட்டு, எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்று நீங்களே பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

நைட் டியூட்டியில் எத்தனை பேர், அவர்களில் படித்த நர்ஸ் எத்தனை பேர் என்று கேளுங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஏர் பெட்டுக்கும் ஆக்சிஜன் மெஷினுக்கும் சேர்த்து ஓடுமா? மாடியென்றால் லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் போகுமா? பாத்ரூம் கதவு வாக்கரோடு நுழையும் அகலம் உள்ளதா? திடீரென்று மூச்சுத் திணறினால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், யார் கூடப் போவார்?

மதுரைக்கே உரிய கேள்வி ஒன்று. பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் யார் டியூட்டி பார்ப்பார்கள்? தை முதல் நாள் அவனியாபுரம், அடுத்து பாலமேடு, அதற்கடுத்து அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு நாட்களில் பாதி ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது. ரிவ்யூ தேதி அந்த வாரத்தில் விழுந்தால் முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள்.

5. பணம்

மாதக் கட்டணம் என்று ஒரு தொகை சொல்வார்கள். அதில் எது அடங்கும், எது அடங்காது என்பதில்தான் சூட்சுமம். டயப்பர், ஏர் பெட் வாடகை, ஆக்சிஜன், டிரெஸ்ஸிங் சாமான், டாக்டர் விசிட், கூடுதல் பிசியோ, சுகர் டெஸ்ட் ஸ்ட்ரிப், ஆம்புலன்ஸ். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். மருந்தை வெளியில் நீங்களே வாங்கிக் கொடுக்கலாமா என்றும் கேளுங்கள். பாதி மாதத்தில் கிளம்பினால் மீதிப் பணம் எப்படித் திரும்பும், அட்வான்ஸ் எத்தனை நாளில் கிடைக்கும், இவையும் அந்தத் தாளில் வர வேண்டும்.

இன்சூரன்ஸை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளின் பொதுவான விலக்குகளிலேயே ஓய்வு, மறுவாழ்வு, பராமரிப்புக்காகத் தங்குவது என்று ஒரு பிரிவு உண்டு, எண் 05. சேர்ப்பதற்கு முன் உங்கள் பாலிசியில் அதைத் தேடிப் படியுங்கள். ஆனால் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுகளைப் பல பாலிசிகள் 60 நாளோ அதற்கு மேலோ ஏற்றுக்கொள்கின்றன. டாக்டர் சீட்டில் பிசியோ என்று எழுதியிருந்து, பில்லும் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். அதனால் எல்லாவற்றுக்கும் தேதி போட்ட ரசீது வாங்குங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அது ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குக் கைகொடுக்கும். தனியார் மையத்தில் மாதக்கணக்கில் தங்கும் செலவுக்கு அதை நம்பி இறங்க வேண்டாம்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் அங்குள்ள நடைமுறையை மனதில் வைத்துக்கொண்டு பேசுவார்கள். அங்கே மெடிக்கேர் திட்டம், ஆஸ்பத்திரியில் மூன்று நாளாவது உள்நோயாளியாக இருந்தவருக்கு ரீஹேபில் முதல் 20 நாள் செலவை முழுதாகவும், 100 நாள் வரை ஒரு பகுதியையும் ஏற்கிறது. இங்கே அப்படி ஒன்றும் கிடையாது, முழுக்கக் கைப்பணம்தான். அண்ணன் தம்பிகள் யார் எவ்வளவு தருவது என்பதைச் சேர்ப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். அப்புறம் பேசினால் சண்டைதான் வரும்.

6. சேர்க்கும் நாள்

“ரெண்டே நாள்தான்ப்பா” என்று பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். மூன்றாம் நாள் அவர் பிசியோவோடு ஒத்துழைக்க மறுப்பார். “என்னையக் கொண்டாந்து தள்ளிட்டீகளா?” என்ற கேள்வி எப்படியும் வரும். அப்போது சொல்வதற்கு உங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்: “இல்லப்பா. நீங்களா எந்திருச்சு பாத்ரூம் வரைக்கும் நடந்துட்டா அன்னைக்கே கிளம்பிரலாம்.” அந்த வாக்குறுதி நிஜமாக இருக்க வேண்டும்.

முதல் நாளே பிசியோதெரபிஸ்ட்டுடன் உட்கார்ந்து இலக்குகளை எழுதுங்கள். ‘நன்றாக நடக்க வேண்டும்’ என்று எழுதினால் பயனில்லை. உங்கள் வீட்டை வைத்து எழுத வேண்டும். கட்டிலிலிருந்து ஒருவர் துணையோடு நாற்காலிக்கு மாறுவது, வாக்கர் பிடித்து பாத்ரூம் வரை போய் வருவது, தானே சாப்பிடுவது, வாசலில் மூன்று படி ஏறுவது. பார்த்தெல் அளவுகோல் என்று ஒன்று உண்டு. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, நடப்பது, படியேறுவது என்று பத்து வேலைகளுக்கு 100 மதிப்பெண். சேரும் அன்று எத்தனை, இரண்டு வாரம் கழித்து எத்தனை என்று போடச் சொல்லுங்கள். இரண்டு முறை அளந்தும் எண் அசையவில்லை என்றால் அங்கேயே வைத்திருப்பதற்குக் காரணம் என்ன என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: கண்ணாடி, காது மெஷின், பல் செட், முள் தெரியும் கடிகாரம், தினசரி காலண்டர், பின்பக்கம் மூடிய ரப்பர் அடிச் செருப்பு. பெண்களுக்கு நைட்டி, தடுக்கிவிடும் சேலை வேண்டாம். தோடு, மூக்குத்தி, சங்கிலியை வீட்டிலேயே கழற்றி வையுங்கள். தாலியைக் கழற்ற மாட்டேன் என்பார்கள். மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டிவிட்டால் தீர்ந்தது. முக்கியமாக, படுக்கையில் இருக்கும் இந்த நாட்களில் எந்தச் சொத்துப் பத்திரத்திலும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க யாரையும் விடாதீர்கள்.

பென்ஷன்காரராக இருந்து வாழ்வுச் சான்றிதழ் கொடுக்கும் மாதம் இடையில் வந்தால் பதற வேண்டாம். தபால்காரர் படுக்கைக்கே வந்து கைரேகை வைத்துப் பதிவு செய்யும் சேவை உண்டு. கட்டணம் 70 ரூபாய். பக்கத்துத் தபால் நிலையத்தில் சொன்னால் போதும்.

7. உள்ளே இருக்கும் வாரங்களில் குடும்பத்தின் வேலை

சேர்த்துவிட்டுப் போனில் விசாரிப்பதோடு நின்றால் பாதிப் பலன்தான். குடும்பத்தில் ஒருவர் இந்த வாரங்களில் தொழில் கற்றுக்கொள்ள வேண்டும். வீட்டில் நாளைக்கு இதையெல்லாம் செய்யப் போவது அவர்தான்.

முதலில் தோல். போகும்போதெல்லாம் ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகின் கடைசி எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் லேசாக அமுக்கி எடுங்கள். வெளிறி மீண்டும் சிவந்தால் பரவாயில்லை. அமுக்கியும் வெளிறாமல் அப்படியே இருந்தால் புண் ஆரம்பித்துவிட்டது என்று பொருள். நம் கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. அந்த இடம் மட்டும் சூடாகவோ, கல் போலவோ, கொழகொழவென்றோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போட வேண்டும். ஏர் பெட் இருப்பதால் புரட்ட வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிவந்த இடத்தைத் தேய்த்து விடவும் கூடாது. உள்ளே நைந்திருக்கும் சதை இன்னும் கெடும்.

அடுத்தது விழுங்குவது. பக்கவாதம் வந்தவர்களுக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வருவது அடிக்கடி நடப்பது. நேராக நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு ஸ்பூனில், ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய். வாயின் செயலிழந்த பக்கம் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று கடைசியில் பார்க்க வேண்டும். சாப்பிட்ட பின் அரை மணி நேரமாவது படுக்கப் போடக் கூடாது. வெறும் தண்ணீர்தான் பலருக்கு அதிகமாகப் புரையேறும். கூழ் பதம் எளிதாக இறங்கும். ஊரிலிருந்து பார்க்க வரும் சொந்தங்கள் பாசத்தில் படுத்திருப்பவர் வாயில் ஹார்லிக்ஸை ஊற்றுவார்கள். கட்டில் தலைமாட்டில் ‘கேட்காமல் எதுவும் கொடுக்க வேண்டாம்’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். அத்தை கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மூன்றாவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது. இதைப் பிசியோ செய்யும்போது நின்று பாருங்கள், பிறகு அவர் பக்கத்தில் நிற்க நீங்கள் செய்யுங்கள். நாற்காலி நல்ல பக்கத்தில் இருக்க வேண்டும். வீல்சேர் என்றால் இரண்டு பிரேக்கும் போட்டு, கால் வைக்கும் தகட்டை மடக்கி வையுங்கள். பெரியவரைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி, பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய உட்கார வையுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும் அளவு முன்னால் சாயச் சொல்லுங்கள். “ஐயா, குனிங்க, குனிங்க... இப்ப எந்திரிங்க” என்று பிசியோக்கள் சொல்வது இதைத்தான். இப்படிச் சாய்ந்தால் உடம்பு தானாகவே எழும்பும், உங்கள் முதுகும் தப்பும். பிடிப்பது இடுப்பு பெல்ட்டில். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்பட்டை நழுவிவிடும், பிறகு மாதக்கணக்கில் வலி. உங்கள் கழுத்தை அவர் கட்டிக்கொள்ளவும் விடாதீர்கள்.

சுகர் உள்ளவர்களுக்கு இன்சுலின் போடும் நேரமும் ராத்திரிச் சாப்பாடு வரும் நேரமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஊசி ஏழு மணிக்கு, டிபன் எட்டரைக்கு என்றால் நடுவில் சுகர் இறங்கும். வியர்த்து, நடுங்கி, பேச்சு மாறினால் உடனே டெஸ்ட் எடுக்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்து, நினைவோடு விழுங்கவும் முடிந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

சாயங்காலமானால் சிலர் ஆளே மாறிப்போவார்கள். செத்துப்போன தங்கச்சியைத் தேடுவார்கள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பார்கள், டியூபைப் பிடுங்குவார்கள். பைத்தியம் பிடித்துவிட்டதோ, காத்து கருப்போ என்று பயப்பட வேண்டாம். இடம் மாறிய வயதானவர்களுக்கு இது வரும். ஆனால் திடீரென்று வந்தால் பின்னால் ஒரு காரணம் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர் வற்றியது, புது மாத்திரை. டாக்டரைக் காரணம் தேடச் சொல்லுங்கள். தூக்க ஊசி போட்டு அமைதியாக்குவதையோ கையைக் கட்டிலில் கட்டுவதையோ முதல் வைத்தியமாகச் செய்யும் இடம் சரியான இடமல்ல.

8. வீட்டை மாற்றுவது

இலக்கு நெருங்கும்போதே வீட்டு வேலை தொடங்க வேண்டும். கால்மிதிகளையும் வழியில் கிடக்கும் வயர்களையும் எடுத்துவிடுங்கள். கழிப்பறையில் கைப்பிடி, கீழே ரப்பர் மேட், ராத்திரி எரியும் சின்ன விளக்கு. இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் டாக்டர் சொல்லும்வரை தரையில் சம்மணமிட்டு உட்காரவோ இந்தியன் கழிப்பறையில் குந்தவோ கூடாது. வெஸ்டர்ன் இல்லாவிட்டால் கமோட் சேர் வாங்குங்கள். தாழ்ந்த நார்க்கட்டிலும் ஆகாது. உட்கார்ந்தால் முட்டி இடுப்பைவிட உயரக் கூடாது. படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பழுதான கால் முதலில். ஊன்றுகோல் நல்ல பக்கத்துக் கையில். கண்ணில் புரை இருந்தால் அதையும் தள்ளிப்போடாதீர்கள். பார்வை மங்கி விழுபவர்கள் நிறைய. 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அண்ணா நகரிலேயே இருக்கும்போது சாக்கு ஏது?

முடிந்தால் டிஸ்சார்ஜுக்கு முந்தின வாரம் ஒரு பகல் மட்டும் வீட்டுக்குக் கூட்டி வந்து திரும்பக் கொண்டுபோய் விடுங்கள். எங்கே முட்டுகிறது என்பது அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும்.

மேலூர், உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்து ஆட்களுக்கு முன்பு சொன்ன வழி இதுதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கு வருவதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு பிசியோதெரபியும் நோய்த் தணிப்புப் பராமரிப்பும் வீட்டிலேயே தரப்படுகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிப் பெயரைப் பதியுங்கள். தகவலுக்கு 104-ஐ அழைக்கலாம். தினமும் வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சொல்லிக்கொடுத்த பயிற்சியை மற்ற நாட்களில் நீங்கள்தான் செய்ய வைக்க வேண்டும்.

9. சரிப்படவில்லை என்றால்

புதிதாகப் புண், காரணம் சொல்லாத காயம், எந்நேரமும் மயக்கம், முன்கூட்டியே சொல்லாமல் வந்தால் உள்ளே விட மறுப்பது: இதில் ஒன்று இருந்தாலும் அட்வான்ஸைப் பார்க்காமல் வேறு இடம் பாருங்கள். படங்களைத் தேதியோடு எடுத்து வையுங்கள். முதியோர் உதவி எண் 14567 காலை எட்டு முதல் இரவு எட்டு வரை இயங்கும்.

பிள்ளைகளே கைவிட்டால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ன் கீழ் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. கவனித்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை ரத்து செய்யவும் அதில் பிரிவு 23 இருக்கிறது. ஆனால் பத்திரத்தில் அந்த நிபந்தனை எழுதியிருந்தால் வழக்குச் சிக்கலில்லாமல் போகும்.

வீடு திரும்பிய பின் முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ ரீஹேப் மையத்துக்குப் போன் போட்டு யோசனை கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, சிடி ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை டாக்டர் முதலில் கேட்பார், அதைக் குறித்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.